அக்கா உடைத்த கண்ணாடி

என் அக்கா தையல்காரி. ஒரு துணிக்கடையின் மாடியில், உடை மாற்றும் அறையை ஒட்டிய சின்ன இடத்தில், ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, கழுத்தில் இஞ்ச் டேப் என்று இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். கீழே வாங்கிய பேண்ட் மேலே வந்து போனால்தான் காலுக்குச் சரியாகும். கடையில் எல்லோருக்கும் அவள் 'டெய்லரக்கா'.

முன்பு அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது "இடுப்பு பிடிக்குதே" என்று முகத்தைச் சுளித்தால் போதும், துணியைக் கையில் வாங்குவதற்கு முன்பே "மன்னிச்சுக்குங்க, என் தப்புதான்" என்பாள். அளவு கொடுத்த பிறகு ஆள் ஐந்து கிலோ பெருத்திருந்தாலும் தப்பு அவளுடையதுதான். இது எங்கள் வீட்டில் கற்றுக்கொடுத்த பாடம்.

எங்கள் அம்மாவைப் பற்றித் தெருவில் கேட்டால் தங்கம் என்பார்கள். வெளியே பேச்சில் தேன் சொட்டும். வீட்டுக்குள்ளே எது கெட்டாலும் ஒரு குற்றவாளி வேண்டும், அது அம்மாவாக இருக்கவே முடியாது. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. வெண்ணெய் நான். அக்காவுக்குத் தலைவலி என்றால் அம்மாவுக்கு அதைவிடப் பெரிய தலைவலி வந்துவிடும். கடைசியில் அக்காதான் எழுந்து வந்து அம்மாவின் தலையைப் பிடித்துவிடுவாள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது கூடத்துக் கண்ணாடியில் பந்தை அடித்தேன், அது விரிசல் விட்டது. அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அம்மா வந்து "யாரு?" என்றாள். நான் சமையலறைப் பக்கம் விரலை நீட்டினேன்.

"நான் இல்லம்மா, தம்பிதான்" என்றாள் அக்கா.

"உடைச்சதும் இல்லாம சின்னப் பிள்ளை மேல பழி வேற போடுறியா, பொய்க்காரி."

நாலு நாள் அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் அக்கா தானாகவே போய், "நான்தான் உடைச்சேன், மன்னிச்சுக்கோம்மா" என்று அழுதாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அம்மா அந்தக் கண்ணாடியை மாற்றவேயில்லை. வருகிறவர்களிடமெல்லாம் "இது எம்பொண்ணு உடைச்சது" என்று சிரித்துக்கொண்டே காட்டுவாள். வீட்டில் அதற்குப் பெயரே 'அக்கா உடைச்ச கண்ணாடி' என்று ஆகிவிட்டது. "அக்கா உடைச்ச கண்ணாடிகிட்ட சாவி இருக்கா பாருங்க" என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அக்காவுக்கு வாய்த்த அத்தானும் அதே அச்சு. நாலு பேர் கூடினால் அவரைப் போலக் கலகலப்பானவர் கிடையாது. வீட்டில் மழை பெய்தாலும் அக்காதான் மன்னிப்புக் கேட்க வேண்டும். பதினோரு வருடம் கேட்டாள். ஒருநாள் பெட்டியோடு வெளியே வந்து, தனியாக ஒரு அறை பிடித்தாள். மருத்துவமனையில் மனநல ஆலோசகர் ஒருவரிடமும் போகத் தொடங்கினாள்.

"அந்த ஆலோசகரம்மா ஒவ்வொரு தடவையும் ஒண்ணையேதான் கேக்குறாங்கடா, 'இதுல உங்க தப்பு எது?'ன்னு. யோசிச்சுப் பாத்தா எனக்குப் பதிலே வர மாட்டேங்குது" என்று ஆச்சரியத்தோடு என்னிடம் சொன்னாள். நான் 'ம்' கொட்டினேன். அதற்குப் பிறகு கடையிலும் மாறினாள். யாராவது குறை சொன்னால் முதலில் அளவுச் சீட்டை எடுத்துப் பார்ப்பாள். தப்பிருந்தால் பிரித்துத் தைப்பாள். இல்லையென்றால் "சீட்டுலயும் முப்பத்திநாலு, பேண்ட்லயும் முப்பத்திநாலு" என்பாள், அவ்வளவுதான்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம் அம்மா கண்ணாடிக் கதையை எடுத்தாள். அக்கா குரலை உயர்த்தாமல், "அதை நான் உடைக்கல. தம்பிக்குத் தெரியும்" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லித்தரும் வாத்தியாரான நான், செல்போனைப் பார்த்தேன். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான், அப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என்னோடும் பேசவில்லை.

போன மாதம் ஒருவழியாக நாலு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். சும்மா போய் நிற்கத் தைரியமில்லாமல், சாக்குக்கு ஒரு பேண்ட்டையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அக்கா என்னைப் பார்த்தாள். பேண்ட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கடிதத்தைப் படித்தாள். உருக்கமாகத்தான் எழுதியிருந்தேன். எனக்குத் தூக்கம் போனது, எனக்கு ரத்த அழுத்தம் வந்தது, எதையும் விடவில்லை.

"நாலு பக்கம் எழுதியிருக்க. இதுல நான் எங்கடா இருக்கேன்?"

"என்னக்கா, முழுக்க உன்னைப் பத்தித்தானே…"

துணியில் அளவு குறிக்கிற சாக்கட்டியால் ஒரு வரியின் கீழே கோடு போட்டு என் பக்கம் திருப்பினாள். "இந்தா, இங்க இருக்கேன் பாரு."

'அக்கா உடைத்த கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு வெடிக்கிறது' என்று எழுதியிருந்தேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அக்காவின் தலைவலி அம்மாவின் தலைவலி ஆனதைப் போல, அவளுடைய துக்கத்தையும் நான் என்னுடையதாக்கி வைத்திருந்தேன். அம்மாவின் பிள்ளைதானே நான்.

"உடைச்சது யாருன்னு எனக்குத் தெரியாதா? எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? சொல்ல வேண்டிய இடத்துல சொல்லு. பேண்ட்டுக்குச் சனிக்கிழமை வா" என்றாள்.

சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரம்மா உட்கார்ந்திருக்கும்போதே, "அம்மா, அந்தக் கண்ணாடியை உடைச்சது நான்தான், அக்கா இல்ல" என்றேன். அம்மா ஒரு நொடி என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"பாத்தீங்களா? அவ இவன்கிட்ட மூணு வருஷமா பேசறதுகூட இல்ல. இவன் அவளுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கறான். இந்தக் காலத்துல இப்படி ஒரு நல்ல பிள்ளை யாருக்குக் கிடைக்கும்?"

பக்கத்து வீட்டுக்காரம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கு அது இனித்தது.

சனிக்கிழமை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இனித்ததையும் சேர்த்து. அவள் தைத்துக்கொண்டிருந்ததை முடித்து நூலை வெட்டினாள்.

"அன்னிக்கு நானும் இதே உண்மையைத்தான்டா சொன்னேன். எனக்கு என்ன பேரு கிடைச்சுது?"

"பொய்க்காரி."

"உனக்கு?"

அவள் பேண்ட்டை மடித்துப் பையில் போட்டு நீட்டினாள்.

"மறுபடி எப்பக்கா வரட்டும்?"

"துணி இருந்தா வா."

வீட்டில் என் பேண்ட் எல்லாமே எனக்குக் கச்சிதம். படி இறங்கிக் கீழே கடையில் ஒரு பேண்ட்டை எடுத்தேன்.

"சார், இது உங்களுக்கு நாலு அங்குலம் நீளமா இருக்கும்" என்றாள் விற்பனைப் பெண்.

"தெரியும்மா, குடு" என்றேன்.