ரீச்சருக்காக நான் வாங்கிய பிரண்டி

பக்கத்து வீட்டு ரீச்சர் டிசம்பர் முதல் கிழமை ஆட்டோவிலிருந்து இறங்கும்போது சேலை தடுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் கேட்டது, "இனி கஜு ஆரு வெட்டுற?" என்பதுதான்.

ரீச்சர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கத்தோலிக்கர். கிறிஸ்மஸுக்கு அவர் செய்யும் நத்தார் கேக் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், பேர்போனது. கணவர், ஊரெல்லாம் 'சேர்' என்று அழைத்த பழைய பாடசாலை அதிபர், அந்த வருடம் பெப்ரவரியில்தான் காலமாகியிருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். ஆகவே நானும் மனைவியும் கேக்குக்கு முந்திரிக் கஜு வெட்டப் போனோம்.

கஜு பச்சரிசி அளவுக்கு வரவேண்டும். உலர்திராட்சைப் பிளம்ஸ் ஒவ்வொன்றும் நான்காக வேண்டும். பேரீச்சம்பழத்துக்கும் சீனிப்பாகில் ஊறிய பூசணித் தோசிக்கும் வேறு வேறு கத்தி. ரீச்சர் சாய்கதிரையில் இருந்துகொண்டு ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். மனைவியின் தட்டு தேறிவிட்டது. என்னுடையது திரும்பி வந்தது.

"மனே, இது கேக்குக்கு வெட்டினதா, மாட்டுக்கு வெட்டினதா?"

ஆறுதலுக்கு ஒரு கஜுவை வாயில் போடவும் எனக்கு வழியில்லை. விநாயகர் விரதம். இருபத்தொரு நாளும் ஒருவேளைச் சோறு. கையில் விரத நூல், நெற்றியில் திருநீறு. போதாததற்கு நான் பிள்ளையார் கோயில் நிருவாகசபையின் செயலாளர்.

எல்லாம் வெட்டி முடிந்ததும், ஊற வைக்கப் பிரண்டி வேண்டுமென்று ரீச்சர் அலுமாரியைத் திறக்கச் சொன்னார். போன நத்தாருக்குச் சேர் வாங்கியதில் அரைப் போத்தல் மிச்சம் இருந்தது. மூடியைத் திறந்தால், மேலே வெள்ளையாகப் பூஞ்சணம் மிதந்தது.

"பிரண்டிக்குப் பூஞ்சணம் பிடிக்குமா, ரீச்சர்?" என்று கேட்டேன்.

"அதுவும் திராட்சைப் பழத்தில செய்யிறதுதானே, மனே. பழம் அழுகாதா?" என்றார். ஆசிரியை சொன்னால் யார் மறுப்பது. மனைவி கழுவிய போத்தலை என் கையில் தந்தார். "இதே லேபிளப் பார்த்து ஒண்டு வாங்கி வா."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தோசித் தட்டைப் பார்த்தாள்.

டவுனில் சாராயக் கடைக்கு எதிரே அரை மணித்தியாலம் நின்றேன். வெறும் வயிறு, வெயில், பையில் வெற்றுப் போத்தல். ஒருவழியாகத் தெருவைக் கடந்து வரிசையின் கடைசியில் சேர்ந்தபோது, எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். எங்கள் கோயில் பொருளாளர். அவர் கையிலும் விரத நூல் இருந்தது.

"பஸ்சுக்கு நிக்கிறன்," என்றார் அவர்.

"நானும்," என்றேன்.

அந்தத் தெருவில் பஸ் ஓடுவதில்லை. என்றாலும் இருவரும் வரிசையை விட்டு விலகி, வராத பஸ்சுக்காகக் கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கோயில் கூரை வேலை பற்றிக்கூடப் பேசினோம். பிறகு அவர் ஒரு பக்கம் போனார், நான் ஒரு பக்கம் போனேன்.

வாவிக்கரையில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. நன்றாகக் கடுமையாக, சீனி கூட்டி, பால் விடாமல் அந்தப் போத்தல் நிறைய ஊற்றித் தரச் சொன்னேன். கடைக்காரர் என் நெற்றியையும் போத்தலின் லேபிளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புனலை எடுத்தார்.

சூடு ஆறியதும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மூடி திறந்து கிடக்கே?" என்றார் ரீச்சர்.

"மணந்து பார்த்து வாங்கினன்."

"அவரும் அப்பிடித்தான். மணந்து பார்க்காம வாங்கமாட்டார்." இடது கையால் போத்தலை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். "நல்ல சாமான்," என்றார்.

இரண்டு நாள் ஊறியது. மனைவி முட்டை அடித்து, ரவையும் பட்டரும் சேர்த்து, ரீச்சர் சொல்லச் சொல்லக் குழைத்து மூன்று பெரிய தட்டில் ஊற்றினாள். ரீச்சர் வீட்டு அடுப்பு சின்னது. வழக்கமாகச் சேர்தான் தட்டுகளை ஏறாவூர்ப் பேக்கரி ஒன்றுக்குக் கொண்டுபோய் வேகவைத்து வருவாராம். இந்த முறை நான் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். முஸ்லிம் பேக்கரியில் என்ன சொல்லிக் கொடுப்பது என்று வழியெல்லாம் யோசனை. பொய் சொல்லவேண்டியதில்லை, ஆனால் உண்மையை எங்கே தொடங்குவது?

ஊரார் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் பேக்கரி முதலாளி, தட்டுகளைப் பார்த்ததுமே, "இது சேர்ர கேக் இல்லையா?" என்றார். "தேத்தண்ணிதானே ஊத்தின?"

"ஓம் நானா," என்றேன்.

"சேர் வருசா வருசம் வந்து சொல்லுவார். இதில சாராயம் ஒரு சொட்டும் இல்ல நானா, வெறும் தேத்தண்ணி, ரீச்சருக்கு மட்டும் சொல்லிராதீங்க எண்டு. கடையில போய் நிக்க அவருக்கு வெக்கம். ஒரே போத்தலத்தான் கழுவிக் கழுவி வெச்சிருந்தார்."

பூஞ்சணத்தின் கதை அப்போதுதான் விளங்கியது. கேக் வேகும் வரை முதலாளியின் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். சேரோடு நான் வாழ்நாளில் பத்து வசனம் பேசியிருப்பேனோ தெரியாது. அன்றைக்கு அவர் எனக்குக் கூடப்பிறந்தவர் போல இருந்தார்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரித்து முடிக்க இரண்டு நாள் எடுத்தது.

நத்தார் வருவதற்குள் என் விரதம் முடிந்துவிட்டது. ஒழுங்கை முழுவதும் ரீச்சர் வீட்டு மண்டபத்தில் இருந்தது. "வாகனம் ஓடுறவங்க ஒரு துண்டுக்கு மேல எடுக்கப்படாது," என்று ரீச்சர் அறிவித்தார். தபால்காரர் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, மோட்டார்சைக்கிளை அங்கேயே விட்டு நடந்து போனார். இரண்டாம் வீட்டு நேர்ஸம்மா, கேட்காமலே ஒரு பழைய பாட்டை இரண்டு தரம் பாடினார். பொருளாளர் மூலையில் உட்கார்ந்து, தனக்குத் தலை கனக்கிறது என்றார்.

ரீச்சர் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "மனே, சத்தியமாச் சொல்றன். அவர் வாங்கினதவிட நீ வாங்கினது நல்ல சாமான்."

எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. இறந்த மனிதரை வென்றுவிட்டேனே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இன்னொரு துண்டு எடுத்தேன். சற்று நேரத்தில் காது மடல் சூடாகியது. தேத்தண்ணி ஊற்றியதைக் கண்ணால் கண்டவன் நான். இருந்தும் காது சூடாகியது.

"எழும்பி நேரா நடந்து காட்டுங்க பாப்பம்," என்றாள் மனைவி.

நடந்தேன். வாசல் நிலையில் தோள் இடித்தது.