மெர்டேக்காவுக்கு மழித்த மீசை

என் முகத்தில் முதன்முதலாகச் சவரக்கத்தி பட்டது, மலாயா நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைப்பதற்கு மூன்று நாள் முன்பு. நாடு தன் காரியத்தை ஒழுங்காக முடித்துக்கொண்டது. நான்தான் சொதப்பினேன்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது, வீட்டுக்குத் தலைப்பிள்ளை. மலாக்கா நகரத்துக் காஜா பேராங்கில் ஒரு பலகை வீடு. கிராணியாகக் கணக்கெழுதும் வேலை பார்த்த அப்பா, ஈரல் கெட்டு, கண்கள் மஞ்சளாகிப் படுத்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன். அம்மா அழுததற்குச் சமையல் வேலை கூடியதுதான் காரணம் என்று நினைத்தேன்.

மெர்டேக்கா நாள் பள்ளி அணிவகுப்பில் எனக்கு முன்வரிசை. காரணம் உயரம், அழகல்ல. என் தாடையில் முளைத்திருந்த ஏழெட்டு மயிரைப் பார்த்த அப்பா, தன் சவரப்பெட்டியை எடுத்துவரச் சொன்னார்.

“முதல்ல என் மூஞ்சில பழகுடா. வெட்டிட்டாலும் நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அவர் கன்னங்கள் குழிந்து போயிருந்தன. குழிக்குள் கத்தி இறங்கவில்லை. வாயில் காற்றை நிரப்பிக் கன்னத்தை உப்பவைத்துக் கொடுத்தார். பாதியில் மூச்சு வாங்கும். நுரை வழியும் கத்தியோடு நான் காத்திருப்பேன். இரண்டு இடத்தில் வெட்டினேன். படிகாரத்தைத் தானே தேய்த்துக்கொண்டார்.

“நாளைக்கு நீயே பண்ணிக்க. தாடை மட்டும். மூக்குக்குக் கீழ கை வைக்காத. அப்பன் இருக்கறப்ப மகன் மீசைய எடுக்கக் கூடாது. அது நான் போன அன்னிக்கு எடுக்கறது.”

மறுநாள் தாடை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கையில் கத்தி, முகத்தில் மிச்ச நுரை, எதிரில் கண்ணாடி. மீசையின் இடப்பக்கம் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிந்தது. லேசாகக் குறைத்தேன். வலப்பக்கம் கோபித்துக்கொண்டது. அதையும் குறைத்தேன். இப்படி இரண்டு தரப்புக்கும் நியாயம் வழங்கி முடித்தபோது, தீர்ப்புச் சொல்ல மீசையே இல்லை.

வாயைக் கையால் மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன். வேலிக்கு அப்பால் மலாக்காச் செட்டி வீட்டு அம்மாள் துணி காயவைத்துக்கொண்டிருந்தார். பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட தமிழ் வம்சம்; அவருக்குத் தமிழ் வராது. சம்பிரதாயம் மட்டும் ஒன்று விடாமல் தெரியும்.

“அலாமாக்! மிசாய் மானா?” என்று அவர் அலறியதில், மீசை எங்கே என்ற கேள்வி அடுக்களை வரை போயிற்று.

அம்மா வந்து பார்த்தார். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

“அவரு இருக்கறப்பவே கருமாதி பண்ணிட்டியேடா. அவருக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா…” மேலே சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. சோற்றுத் தட்டு மட்டும் வந்தது.

அணிவகுப்பில் கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பதுபோலவே நடந்தேன். சளி என்று ஆசிரியர் இரக்கப்பட்டார்.

அப்பா மட்டும் திட்டவில்லை. தினமும் காலையில் கூப்பிடுவார். கட்டைவிரலால் என் மேலுதட்டைத் தடவிப் பார்த்து, “இன்னும் வரல” என்பார். கிண்டல் செய்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் எரியும். அதே நாள்களில்தான், அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்ட கீழாநெல்லிச் சாற்றைத் தானாகவே கேட்டு வாங்கிக் குடிக்கத் தொடங்கினார். கஞ்சியைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். உடம்பு தேறுகிறது என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, என் உதட்டின்மேல் அவர் விரல் நின்றது. அம்மாவைக் கூப்பிட்டார்.

“இங்க வா. தொட்டுப் பாரு. புள்ளைக்கு மீச வந்துருச்சு. முன்னவிட நல்லாவே வந்துருக்கு. பாத்துக்க, நான் இருக்கறப்பவே வந்துருச்சு.”

அம்மா தொட்டுப் பார்த்தார். “ம்” என்றார். அன்று மாலை என்னைப் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டார்.

மறுநாள் அப்பா சாறு கேட்கவில்லை. கஞ்சியும் வேண்டாம் என்றார். நான்காம் நாள் முடிதிருத்துபவர் வந்து, முற்றத்தில் என்னை உட்காரவைத்துத் தலையை மழித்தார். பிறகு முகத்தை நிமிர்த்தினார்.

அவ்வளவு பாடுபட்டு வளர்த்த மீசை இரண்டே இழுப்பில் போயிற்றே என்பதும் அன்றைய என் வருத்தங்களில் ஒன்று. பாடுபட்டு அதை வளர்த்தது யார் என்று யோசிக்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.