மச்சான் எண்ணில் நான்கு ஞாயிறு

டயர் கடையில் வேலை பார்த்தவருக்கு ஊர் வைத்த பெயர் பஞ்சர். லாரி டயரை நெம்பிக் கழற்றி, உள்ளே கிடக்கும் டியூபை உருவி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்ப்பது அவருக்குப் பிழைப்பு. வாரம் முழுக்கக் குனிந்த முதுகு ஞாயிற்றுக்கிழமை நிமிர்ந்துகொள்ளும். அன்றைக்கு அவர் ஓடுவார். சும்மா பூங்காவைச் சுற்றுகிற ஓட்டம் இல்லை, மாரத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், அதற்கு மேல் கொஞ்சம் கொசுறு. பஸ்ஸில் போனாலே இடுப்பு வலிக்கிற தூரத்தை ஒரு மனிதன் காலால் ஓடிக் கடப்பதும், கடந்ததற்காக ஒரு தகர வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டுவதும் என்ன புத்தியோ, அது ஓடுகிறவர்களுக்குத்தான் வெளிச்சம்.

அந்தக் கிறுக்கை மச்சானுக்குத் தொற்றவைத்ததும் அவர்தான். மச்சான் என்றால் மனைவியின் ஒரே தம்பி, லிஃப்ட் மெக்கானிக். அப்பா போனபிறகு அக்காதான் அவனை ஆளாக்கினாள். தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை அவளுக்கு. இன்றைக்கும் அதே மெஷின்தான். தம்பிக்குப் பல் விழுந்ததும் முளைத்ததும் அவள் கண்முன்னால். கல்யாணம் ஆகி வந்தபோதும் அவனை மூன்று தெரு தள்ளி அம்மாவோடு விட்டுவிட்டு வந்தாளே தவிர, அவன் சாப்பிட்டது முக்கால்வாசி இவள் வீட்டில்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவன் டயர் கடைக்கு வந்து, கழற்றிப் போட்டிருந்த டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தான்.

"மாமா, அடுத்த மாசம் நாலு ஞாயிறு, நாலு மாரத்தான். ஒரே கிளப்புதான் நடத்துது. நாலையும் முடிச்சா இவ்ளோ பெரிய மெடல். பேர் குடுத்துட்டேன்."

"நாலு வாரத்துல நாலா? லாரி டயரே நடுவுல என்னை மாத்துன்னு கெஞ்சும்டா."

"டயருக்கு எங்கக்கா சமையல் கிடைக்கலையே மாமா."

"கிடைச்சா ஒரே வாரத்துல வெடிச்சிடும். போடா."

இப்படித்தான் இருந்தார்கள் இரண்டு பேரும். மாமனும் மச்சானும் என்று சொல்ல முடியாது, ஒரே தட்டில் தின்று வளர்ந்த அண்ணன் தம்பி மாதிரி.

அந்த நான்கு ஞாயிறு வருவதற்கு முன்னால் வேறொரு ஓட்டம் வந்தது. அதற்கு பஞ்சர் பேர் கொடுத்திருந்தார், மச்சான் கொடுக்கவில்லை. நினைத்துக்கொண்டு போனபோது சேர்க்கை முடிந்துவிட்டது. ஓட்டத்துக்கு முதல் நாள் கடையில் ஜாக்கி நழுவி பஞ்சரின் பாதத்தில் விழுந்தது. கால் வீங்கிப் பூசணிக்காய் ஆகிவிட்டது. மறுநாள் விடியற்காலை மச்சான் வந்து நின்றான். "உங்க பேருக்கு வந்த ஓட்ட எண்ணை வீணாக்காதீங்க மாமா, நான் மாட்டிக்கிட்டு ஓடிட்டு வரேன்." ஓட்டக்காரர்களுக்குள் இது சகஜம். செய்யக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் செய்வார்கள். அக்கா ஞாயிறும் வேலை இருக்கிறது என்று அதற்குள் ஆலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். புருஷன் காலைக் கட்டிக்கொண்டாவது ஓடத்தான் போவார் என்று அவளுக்கு நிச்சயம்; அந்த மனுஷர் லேசில் விடுகிற ஆளா?

பஞ்சர் தன் எண் அச்சடித்த துணியை மச்சானின் பனியனில் நாலு மூலையிலும் ஊக்குக் குத்திக் கொடுத்தார். அப்போது அவன் இடது மார்புக்குக் கீழே விரலை வைத்து அழுத்திக் காட்டினான்.

"மாமா, ரெண்டு நாளா இங்க பிடிக்கிற மாதிரியே இருக்கு."

"மூச்சுப் பிடிப்புடா. உனக்குத்தான் மூச்சு விடவே தெரியாதே. ரெண்டு கிலோமீட்டர் ஓடு, தானா விட்டுடும். எனக்கு விடலையா?"

"விட்டுடுமில்ல?"

"அட, போடா."

அவன் போனான். பாதி தூரத்துக்கு மேல் ஓடியிருக்கிறான். ஒரு பாலத்தின் ஏற்றத்தில் சாய்ந்தவன் சாய்ந்தவன்தான்.

எண்ணின் பின்பக்கம், விழுந்துவிட்டால் யாருக்குச் சொல்வது என்று பஞ்சர் தன் மனைவியின் போன் நம்பரை எழுதியிருந்தார். ஆலையில் காலரும் கையுமாக இருந்தவளுக்குப் போன் வந்தது. உங்கள் வீட்டுக்காரர் விழுந்துவிட்டார் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க அவள் புருஷன் பேரைச் சொல்லி அழுதுகொண்டே ஓடியிருக்கிறாள். துணியை விலக்கிக் காட்டியபோது அங்கே தம்பி கிடந்தான். கொஞ்ச நேரத்தில் சேதி கேட்டுப் பஞ்சர் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்ததும் அவள் எழுந்து வந்து அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள்.

"நீங்க ஏங்க நிக்கிறீங்க? நீங்க ஏன் நிக்கிறீங்க?"

டாக்டர் வெளியே வந்து, முன்னாடியே நெஞ்சுவலி என்று ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். "இல்ல டாக்டர். சொல்லியிருந்தா நாங்க விட்டிருப்போமா?" என்றாள் அவள். பஞ்சர் பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். திறக்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் நழுவியதும் அப்புறம் ஒவ்வொரு நாளும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மாமியார் வேறு தினமும் கேட்பார், வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பிடித்துக் கேட்பார்: "என் பிள்ளை யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலையா? இப்படி வலிக்குதுன்னு ஒரு வார்த்தை?" மகள் சொல்வாள், இல்லைம்மா என்று. மருமகன் தரையைப் பார்ப்பார்.

அடுத்த மாதம் பிறக்கப் போகிற சமயத்தில் மச்சான் பேருக்கு ஒரு பொட்டலம் வந்தது. நான்கு ஞாயிறுக்கும் சேர்த்து ஒரே எண். கீழே கொட்டை எழுத்தில் அவன் பேர். அக்கா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மேஜையிலேயே போட்டாள். அதற்குள் கால் வீக்கம் வடிந்திருந்த பஞ்சர் அதை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"அதை எதுக்கு எடுக்கிறீங்க?"

"நான் ஓடுறேன். அவன் பேர்ல."

"அவன் பேர்ல எவனும் ஓட வேண்டாம். உங்க பேர்ல அவன் ஓடினது போதும்."

மச்சானுக்காக ஓடுகிறார் என்று கடையில் சொன்னார்கள், மாடிப்படியில் பார்க்கிறவர்கள் சொன்னார்கள், கிளப்பில் இருந்துகூட ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, விதியை மீறினாலும் பரவாயில்லை, நீங்கள்தான் ஓட வேண்டும் என்று கண் கலங்கினார். உண்மை அதில்லை. நான்கு வாரத்தில் நான்கு ஓடினால் எந்த நெஞ்சும் எங்காவது ஓர் இடத்தில் பிடிக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். பிடித்தால் நல்லது. பிடித்தால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

முதல் ஞாயிறு காலையில் அவள் எண்ணைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"யாருக்குச் சொல்லணும்னு எழுதலையே?"

"எதுக்கு? வேண்டாம்."

"விழுந்தா நடுரோட்டுல அநாதையா கிடப்பீங்களா? குடுங்க." அவளே பேனாவை எடுத்துத் தன் நம்பரை எழுதினாள். அழுத்திய அழுத்தலில் துணி கிழிந்துவிடும்போல் இருந்தது. "போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொல்லவில்லை.

ஓடி முடித்து வீட்டுக்கு வந்தார். கதவு தாழ் போடாமல் இருந்தது. அவள் மேஜை முன்னால் செருப்பு போட்டபடி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் எதிரில் இருந்தது. காலையிலிருந்து அப்படியே இருந்திருக்கிறாள் என்பது பக்கத்தில் ஆடை கட்டிக் கிடந்த டீயைப் பார்த்தால் தெரிந்தது. அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். நிற்கிறார் என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இரண்டாவது ஞாயிறு மழை. கட்டைவிரல் நகம் ஒன்று ஷூவுக்குள்ளேயே கழன்றுவிட்டது. வாரம் முழுக்க அந்தக் காலோடு கடையில் குந்திக் குந்தி எழுந்தார். முதலாளி பார்த்துவிட்டு, "ஏம்ப்பா பஞ்சர், உனக்கு யாரு ஒட்டுப் போடுறது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். வீட்டில் மனைவி சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. சாப்பாடு போடுவாள். சாப்பிட்ட தட்டை எடுப்பாள். மருந்தும் துணியும் கட்டில்மேல் இருக்கும்; அவள் கையால் கட்டிவிடவில்லை.

மூன்றாவது ஞாயிறு ஆற்றை ஒட்டிய நீளமான சாலையில் ஓடிக்கொண்டிருந்தபோது, மார்புக்குக் கீழே, இடது பக்கம், சுருக்கென்று பிடித்தது. மச்சான் விரல் வைத்துக் காட்டிய அதே இடம். பஞ்சருக்குப் பயமே வரவில்லை. வாசலில் வெகுநேரமாகக் காத்திருந்த ஆள் கடைசியில் வந்து கதவைத் தட்டியதுபோல் இருந்தது. வேகத்தைக் கூட்டினார். வலி விலாவைச் சுற்றி இறுக்கியது. இன்னும் கூட்டினார். பக்கத்தில் ஓடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிடித்த இடத்திலிருந்து சரியாக இரண்டு கிலோமீட்டர் தாண்டினாரோ இல்லையோ, அந்த வலி முடிச்சு அவிழ்ந்த கயிறாகத் தளர்ந்தது. தானாக விட்டுவிட்டது. அவர் சொன்னபடியே.

அவர் நின்றார். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்தாள்.

"என்னண்ணா, பிடிச்சுக்கிச்சா?"

"இல்லம்மா. விட்டுடுச்சு."

"விட்டுடுச்சா? அப்புறம் ஏண்ணா அழறீங்க?"

அதற்கு அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து மீதியையும் ஓடினார். ஓட்டத்தை நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நிறுத்தினால் வீட்டுக்கு முன்னாடியே போக வேண்டியிருக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால் அந்த உடம்புக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. நாலாவது ஞாயிறு அது காற்றாகப் பறந்தது. தொடை வலித்தது, முட்டி கெஞ்சியது, ஆனால் நெஞ்சு மட்டும் புது இஞ்சின் மாதிரி சீராக அடித்தது. பத்து வருஷமாக ஓடியதில் இப்படி ஒரு வேகம் அவர் கண்டதில்லை. சாகட்டும் என்று விரட்டி விரட்டி அடித்த மாடு கொழுத்துக்கொண்டு வந்து நின்றால் எப்படி இருக்கும்? முடிவுக் கோட்டைத் தாண்டியபோது மேலே பார்த்தார், தன் நேரம் ஓடிக்கொண்டிருந்த பலகையை. கைதட்டினார்கள். அவருக்கு அந்த இடத்திலேயே தன் நெஞ்சைக் கழற்றி எறிந்துவிடலாம்போல இருந்தது.

மேடையில் மச்சான் பேரைச் சொல்லி அழைத்தார்கள். மெடலை இவர் கழுத்தில் மாட்டினார்கள். கிளப்காரர் மைக்கைக் கொடுத்தார். "ரெண்டு வார்த்தை பேசுங்க சார்."

பஞ்சர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். "அவன் எங்கிட்ட சொன்னான்..." என்று ஆரம்பித்தார். கூட்டம் என்ன நினைத்ததோ, கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. "சொன்னான், நான்தான்..." கைதட்டல் இன்னும் ஏறியது. கிளப்காரர் அவர் தோளை அணைத்துக்கொண்டு மைக்கை வாங்கிவிட்டார். பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தார். அவள் வழக்கம்போல் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழப்போனாள்.

"உக்காரு."

உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் காலைல அவன் எங்கிட்ட சொன்னான். ரெண்டு நாளா நெஞ்சுல பிடிக்குதுன்னு. நான்தான் மூச்சுப் பிடிப்பு, ஓடினா விட்டுடும்னு அனுப்பி வெச்சேன்."

அவள் மடியிலிருந்த கைப்பையை மேஜையில் வைத்தாள். பிறகு மெதுவாக, "எங்க நின்னு சொன்னான்?" என்று கேட்டாள்.

"இங்கதான். கதவுகிட்ட."

"எங்க பிடிக்குதுன்னு சொன்னான்? காட்டுங்க."

விரலை வைத்துக் காட்டினார்.

"என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னார். இன்னொரு தடவை கேட்டாள். மறுபடியும் சொன்னார். 'விட்டுடுமில்ல?' என்று அவன் கேட்டதையும் சொன்னார். அதைக் கேட்டதும்தான் அவள் முகம் உடைந்தது. வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். இத்தனை நாளும் அவளிடம் இல்லாமல் போன தம்பியின் பேச்சு அது. இந்த மனுஷர் தன் வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார். பஞ்சர் கையை நீட்டினார். அவள் தள்ளிவிட்டாள்.

"தெரியாமதான் சொன்னீங்க. அது எனக்குத் தெரியுது. எனக்கே அவன் சொல்லியிருந்தா வாயுன்னு சொல்லி அனுப்பியிருப்பேனோ என்னவோ. ஆனா ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டப்ப பக்கத்துல நின்னீங்களே. எங்கம்மா தினம் கேட்டாங்களே. அதுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

அவள் எதிரில் இருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இந்த வீட்டுல நின்னு ஒரு வரி சொல்ல வேண்டியதுக்கு எத்தனை கிலோமீட்டர்ங்க ஓடினீங்க? ஞாயிறு ஞாயிறா என்னை இந்த நாற்காலியில சாகடிச்சீங்களே, அதுவும் செத்துப்போலாம்னுதானே? வாய் இருக்கு சொல்ல முடியாது, கால் இருக்கு ஓட முடியும், அப்படித்தானே?"

அவர் தலையை ஆட்டினார். வேறென்ன செய்ய?

அவள் முகத்தைக் கழுவினாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். செருப்பு காலிலேயேதான் இருந்தது.

"எழுந்திருங்க. அம்மாகிட்ட நீங்களே சொல்லணும். இப்பவே. அதுக்கப்புறம் நான் எங்க இருக்கப்போறேன்னு எனக்கே தெரியலை. அதை இப்ப கேக்காதீங்க."

அவர் மெடலைக் கழற்றி மேஜையில் வைத்தார். நாலு ஊக்கையும் எடுத்து எண்ணையும் கழற்றினார். எழுந்தபோது தொடை இரண்டும் கல்லாகியிருந்தன. மூன்று மாடி இறங்க வேண்டும். மாரத்தான் ஓடியவனுக்கு ஏறுவதுகூடப் பெரிதில்லை, இறங்குவதுதான் உயிர் போகும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தெருப்பக்கம் திருப்பி, பின்புறமாக ஒவ்வொரு படியாகக் காலால் துழாவித் துழாவி இறங்கினார். கீழ் வீட்டுக்காரர் எதிரே ஏறி வந்து, "பஞ்சர் அண்ணே, ஜெயிச்சுட்டீங்களாமே!" என்றார். பஞ்சர் அடுத்த படியைத் துழாவினார்.

அவள் முன்னால் இறங்கினாள். கை கொடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள், சுவரைப் பார்த்தபடி, அவர் காலடிச் சத்தம் வந்து சேரும்வரை. சேர்ந்ததும் அடுத்த திருப்பத்துக்குப் போனாள்.

மாமியார் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அந்தக் கிழவி இவர்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, எல்லா நாளும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்க வாயெடுத்தார். பஞ்சர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, சொன்னான்" என்றார்.