முதல் தகவல் அறிக்கையில் குடம் இல்லை

ஒரு பல் விழுந்தால் அது கொடுங்காயம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கண் போனால் கொடுங்காயம், காது போனால் கொடுங்காயம், எலும்பு முறிந்தால் கொடுங்காயம். சரி, நியாயம்தான். அதே வரிசையில் பல்லையும் கொண்டுபோய் எவன் வைத்தானோ, அவன் வாய் நிறையப் பல்லோடு நல்லா இருக்கட்டும். அடுத்த வீட்டுத் தோணிக்காரருக்கு வெற்றிலை போட்டுப் போட்டு ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த முன்பல் அது. தெருக்குழாய் இரும்பில் இடித்து விழுந்தது. அந்த ஆடின பல்லுக்காக என் வீட்டுக்காரர் இரண்டு மழைக்காலம் கோர்ட்டுக்கு நடந்தார். அவர் தனியாகப் போனால் ஏதாவது உளறிவிட்டு வருவார் என்று நானும் கூடவே நடந்தேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தூத்துக்குடியில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று மாதாவுக்குத்தான் தெரியும். வந்தால் தெருவே குடத்தோடு ஓடும். அன்றைக்கு வரிசையில் இருந்த என் குடத்தைக் காலால் நகர்த்திவிட்டு, தோணிக்காரர் தன் செப்புக் குடத்தை வைத்தார். வீட்டில் மனைவிக்குக் காய்ச்சலாம். அதை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நானே பிடித்துக் கொடுத்திருப்பேன். சொல்லவில்லை. நான் விடுவேனா? கேட்டேன், நன்றாகவே கேட்டேன். கொழும்புக்குத் தோணி விட்டுக் காற்றோடு மல்லுக்கட்டின மனிதருக்கு என் வாயைத் தாங்க முடியவில்லை. பாதி நிறைந்த குடத்தை அப்படியே தூக்கி என் தலைக்கு மேலே ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டமார் என்று சத்தம். கண்ணைத் திறந்தால் என் தலை என் கழுத்தில்தான் இருந்தது. குடம் ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. தோணிக்காரர் குழாயடியில் விழுந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், விரல் இடுக்கில் ரத்தம். பக்கத்தில் என் வீட்டுக்காரர் சட்டைகூடப் போடாமல் நின்றார்.

அவர் பேசுகிற ஆளே இல்லை. புதுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. உயரத்தில் தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து, கீழே இறங்கினாலும் அதே ஊமைத்தனம்தான். சனிக்கிழமை தவறாமல் மாதா கோவிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர். அன்று சாயங்காலம் நான், "வாங்க, ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்போம்" என்று குதித்தேன்.

"விடுளா. பக்கத்து வீடு" என்றார்.

இவர் கோவிலுக்குப் போனார், தோணிக்காரர் ஸ்டேஷனுக்குப் போனார். சாமியார் இவருக்கு ஒரு செபமாலை சொல்லச் சொல்லி மன்னிப்புக் கொடுத்தார். போலீஸ் இவருக்கு எஃப்.ஐ.ஆர். கொடுத்தது.

எஃப்.ஐ.ஆர். என்றால் முதல் தகவல் அறிக்கை. முதலில் போனவன் சொன்னதுதான் தகவல், பிறகு போகிறவன் சொல்வதெல்லாம் சமாளிப்பு என்று நான் புரிந்துகொள்ள வெகு காலம் ஆகவில்லை. அதில் எழுதியிருந்தது: தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த என்னை, முன்விரோதம் காரணமாக, கையால் தாக்கிக் கீழே தள்ளி... முன்விரோதமாம்! அவர் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குக் குசினியில் நின்று சோறு வடித்தவள் நான். அறிக்கையில் என் பெயர் இல்லை. குடமும் இல்லை. நசுங்கின அந்தக் குடத்தை அவர் மனைவி தினமும் என் கண்ணெதிரே கொண்டுவந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். வழக்கில் மட்டும் அந்தக் குடம் பிறக்கவே இல்லை.

இவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய், பிறகு ஜாமீன் கிடைத்த செய்தி நான் பிறந்த ஆலந்தலைக்குப் போனதும் என் அம்மை கருவாடும் பனங்கற்கண்டுமாக வந்து இறங்கினாள். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கே வந்தாள். "விட்டுட்டாவளா, கேஸு முடிஞ்சுட்டா?" என்றாள்.

"முடியலம்மா. கூப்பிட்ட நேரமெல்லாம் வந்து நிக்கணும்னு சொல்லி வெளிய விட்டிருக்கு. கயித்த நீளமா விட்டு ஆட்டக் கட்டுத மாதிரி."

"அப்ப மெழுகுவர்த்தி?" என்றாள். என்னத்தைச் சொல்ல!

எங்கள் வக்கீல் நாசரேத்துக்காரர், நன்றாகப் படித்தவர், பொறுமைசாலி. அவர்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தண்டனை என்று ஒரு நாள் விழுந்தாலும், அபராதத்தோடு விட்டாலும், குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டால் வேலை போய்விடும். ஆபீசிலிருந்து அப்படித்தான் மெமோவும் வந்திருந்தது. அந்த வேலைக்காகத்தானே தோணி, வலை எல்லாவற்றையும் விட்டுக் கரைக்கு வந்தது!

"கவலைப்படாதீங்கம்மா" என்றார் வக்கீல். "நிரூபிக்க வேண்டியது அவங்க பொறுப்பு. மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைப் படிச்சு, ஒப்புக்கொள்கிறீரான்னு கேப்பாரு. இல்லைன்னு ஒரு வார்த்தை. நான் தொடவே இல்ல, அவரே வழுக்கி விழுந்தாரு, அவ்வளவுதான்."

நான் கேட்டேன்: "என் தலைக்கு வந்த குடத்தைத் தடுத்தாருன்னு சொன்னா?"

"அது தற்காப்பு. அடுத்தவங்க உயிரைக் காப்பாத்தத் தள்ளினாலும் சட்டம் ஏத்துக்கும். ஆனா அதைச் சொன்னா, தள்ளினேன்னு நாமே ஒத்துக்கிட்டதாயிடும். குடம் ஓங்கினதை நிரூபிக்கிற பாரமும் நம்ம தலையில விழும். யாரு சாட்சி? நீங்க சம்சாரம், நீங்க சொன்னா அவ்வளவா எடுபடாது. குழாயடிப் பொம்பளைங்க வருவாங்களா?"

வருவார்களாவது! ஒருத்தி ஒருத்தியாகக் கேட்டுப் பார்த்தேன். "கோர்ட்டுப் படிய மிதிச்சா குடும்பத்துக்கு ஆகாது மைனி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குழாயடியில் மட்டும் என்ன வாய் பேசுவார்கள்!

அதனால் 'இல்லை' என்ற ஒரு சொல்தான் எங்களுக்குச் சோறு. அதைச் சொல்ல வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "சொல்லுதியளா மாட்டியளா?" என்று காலையில் கேட்பேன். தலையைக் குனிந்துகொண்டு பழைய சோற்றைப் பிசைவார். சாயங்காலம் கேட்பேன். சட்டையைக் கழற்றி மாட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாமியாரிடம் தள்ளினேன் என்று சொன்னவர், மாஜிஸ்திரேட்டிடம் இல்லை என்றால் வாங்கின மன்னிப்பு ரத்தாகிவிடும் என்று பயப்படுகிறார், அதுதான் விஷயம் என்று நான் முடிவு கட்டினேன். சாமியாரிடமே போய் முறையிட்டேன். அவர் இவரைக் கூப்பிட்டு, "பாவம் வேற, குற்றம் வேற மகனே. உனக்கு நான் குடுத்த மன்னிப்ப எந்தக் கோர்ட்டும் எடுக்க முடியாது" என்றார். "சரி சாமி" என்று முழங்காலிட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டார். வெளியே வந்து, "அப்ப இல்லைன்னு சொல்லுவியல்லா?" என்றேன். செருப்பைத் தேடினார்.

அந்த நாள் வந்தது. கோர்ட்டுச் சேவகன் டவாலி வாசலில் நின்று இவர் பேரைக் கூவினான். கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பேர் எதிரி. யாருக்கு எதிரி? ஈ எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனிதர், கூண்டில் ஏறி எதிரியாக நின்றார். மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைப் படித்தார். கொடுங்காயம் என்ற இடத்தில் எனக்கு அந்த வெற்றிலைப் பல் ஞாபகம் வந்து வயிறு எரிந்தது. "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?" என்று கேட்டார்.

நான் பின் பெஞ்சிலிருந்து உதட்டை அசைத்தேன். இல்லை, இல்லை, இல்லை.

"தள்ளுனேன் ஐயா" என்றார் என் வீட்டுக்காரர். "அவரு குடத்த என் வீட்டுக்காரி தலையில போட வந்தாரு. தள்ளுனேன்."

வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கர்த்தரே, இந்த மனிதனைக் கட்டிக்கொண்டு நான் என்ன பாவம் செய்தேன் என்று நினைத்தேன்.

"அப்படியானால் குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா, மறுக்கிறீரா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"அது எனக்குத் தெரியாதுய்யா. தள்ளுனது தெரியும்."

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். பிறகு, எதிரி குற்றத்தை மறுக்கிறார் என்று எழுதிக்கொண்டார். தள்ளினேன் என்று ஊருக்கே கேட்கச் சொன்ன மனிதர், காகிதத்தில் மறுக்கிறாராம்! செய்ததை ஒத்துக்கொள்வது வேறு, குற்றத்தை ஒத்துக்கொள்வது வேறு என்று வக்கீல் வராந்தாவில் விளக்கினார். அதோடு, இனி பாரம் நம் தலையில் என்பதையும் சொன்னார். வீட்டுக்கு வந்து நான் அன்றைக்குப் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது.

அப்புறம் வாய்தா. வாய்தா என்றால் இன்று இல்லை, இன்னொரு நாள் வா என்று அர்த்தம். அந்த இன்னொரு நாளும் போய் நின்றால் மறுபடியும் அதே சொல். முதல் சாட்சியான தோணிக்காரர் கொழும்புக்குப் போயிருக்கிறார், வாய்தா. அவர் வந்துவிட்டார், எஃப்.ஐ.ஆர். எழுதின போலீஸ் ஏட்டையாவுக்கு வேறு டூட்டி, வாய்தா. எல்லோரும் வந்தாயிற்று, மாஜிஸ்திரேட் லீவு, வாய்தா.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாங்களும் தோணிக்காரரும் ஒரே வராந்தாவில் காலையிலிருந்து காத்துக் கிடப்போம். ஒரே தெரு, ஒரே வழி, ஒரே மரத்தடி. மத்தியானம் நான் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிரிப்பேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர் பாதியை இலையோடு எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாரும். பல்லுக்கு வேலையில்லாத சோறுதான்" என்று தோணிக்காரரிடம் நீட்டினார்.

தோணிக்காரர் என்னைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், வாங்கித் தின்றார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. நம் வேலைக்கு உலை வைத்தவன் வாயில் என் கைச் சோறா? ஓட்டைப் பல் வழியாகப் பருக்கை வெளியே வந்து விழ, "உப்பு கொஞ்சம் கூடுதல்" என்று வேறு சொன்னார்! அடுத்த வாய்தாவுக்குக் கூடுதலாகக் கட்டச் சொன்னார் என் வீட்டுக்காரர். கட்டினேன், அரிசியைச் சபித்துக்கொண்டே கட்டினேன். தோணிக்காரர் கொழும்பிலிருந்து வந்த கையோடு இவருக்கு ஒரு சோப்புக்கட்டி கொண்டுவந்து கொடுத்தார். வாதியும் எதிரியும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வேலை போய்விடுமே என்ற பயம் எனக்கு மட்டும்தான் போலிருந்தது.

கடைசியில் சாட்சி விசாரணை வந்தது. தோணிக்காரர் கூண்டில் ஏறிச் சத்தியப் பிரமாணம் எடுத்தார். அரசு வக்கீல் தாளைப் புரட்டிக்கொண்டு, சம்பவத்தன்று என்ன நடந்தது என்று கேட்டார். தோணிக்காரர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் எதிர்க் கூண்டில் நின்று, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

"நாந்தான் குடத்த ஓங்குனேன்யா" என்றார் தோணிக்காரர். "கோவத்துல அந்தப் பொம்பள தலையில போட்டிருப்பேன். அவரு மட்டும் தள்ளலைன்னா, நா இந்தக் கூண்டுல நிக்க மாட்டேன், அந்தக் கூண்டுலதான் நிப்பேன்."

அரசு வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. போலீசில் சொன்னதற்கு மாறாகப் பேசுகிறார், இவரைப் பிறழ் சாட்சியாகக் கருதி நானே குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்றார். பாருங்கள் கூத்தை! பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் சுற்றின அத்தனை நாளும் அவர் நல்ல சாட்சி. ஆண்டவனுக்குப் பயந்து ஒரு நாள் உள்ளதைச் சொன்னால் பிறழ் சாட்சி. எத்தனை கேட்டும் தோணிக்காரர் மாறவில்லை. அந்தக் குடம் இப்போதும் வீட்டில்தான் இருக்கிறது, நசுங்கலைப் பார்க்கலாம், வேண்டுமானால் கொண்டுவருகிறேன் என்றார்.

தீர்ப்பன்றைக்கு மாஜிஸ்திரேட் வாசித்ததில் எனக்கு இரண்டு சொல்தான் காதில் விழுந்தது: தற்காப்பு, விடுதலை. இவர் வேலை தப்பியது. வக்கீல் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, இனிமேல் கோர்ட்டுக்கு வந்தால் என்னிடம் வராதீர்கள் என்று சிரித்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போதும் எனக்கு ஆறவில்லை. தோணிக்காரருக்கு மனசு மாறியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? கடற்கரை ரோட்டில் நின்று கேட்டேன்: "சாமியாரே சொன்னாரு, வக்கீல் சொன்னாரு, நா சொன்னேன். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல ஒங்களுக்கு என்னதான் கேடு?"

சட்டைப் பையிலிருந்து பீடியை எடுத்தவர் பற்றவைக்காமல் நின்றார்.

"தள்ளலைன்னு சொன்னா, ஒந்தலைக்குக் குடம் வரும்போது நா சும்மா நின்னேன்னுல்லா ஆவும். அப்படிக் கோர்ட்டுல எழுதி வச்சிட்டு வந்து, ஒம் மூஞ்சில நா எப்படி முழிக்க?"

இந்த மனிதர் கடவுளுக்குப் பயந்து அல்ல, எனக்காக அந்த வேலையையே கொண்டுபோய்க் கூண்டில் வைத்திருக்கிறார். இத்தனை நாளாக அதை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு என் ஏச்சையும் தின்றிருக்கிறார்.

"பாவி மனுசா! இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?"

"நீ எங்களா கேட்ட? ஏசிக்கிட்டுல்லா இருந்த."

அதற்கும் சேர்த்து வீடு வரைக்கும் ஏசினேன், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.