நோட்டீஸில் என் பெயர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐம்பது வயதை நெருங்குகிறவன், வேதியியலில் முதுகலை படித்தவன், எதையும் இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன், அமெரிக்காவில் ஒரு தாளை ஒரு தடவைகூட வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். உங்கள் பெயரை அச்சில் போட்டுக்கொள்ளலாமா என்று அந்த அம்மாள் கேட்டுவிட்டார், அதுதான் காரணம்.

இங்கே அழைப்புமணியை அடிப்பவர்கள், அடித்த கையோடு இரண்டு எட்டு பின்னால் போய், வீடு மாறி வந்துவிட்டவர்களைப் போல நிற்பார்கள். நம் ஊரில் வாசலில் நின்று குரல் கொடுத்துக்கொண்டே பாதி உள்ளே வந்துவிடுவதைப் பார்த்துப் பழகிய எனக்கு, ஆறு வருடமாகியும் இந்தப் பின்வாங்கல் விநோதம்தான். அந்தச் சனிக்கிழமை அப்படிப் பின்னால் போய் நின்றவர் மார்த்தா அம்மாள். நாங்கள் இந்தச் சின்ன ஊருக்குப் பெயிண்ட் கம்பெனி வேலைக்காக வந்து இறங்கிய முதல் வாரத்தில், குளிருக்குப் போட்டுக்கொள்ள இரண்டு கோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தவர். குடும்பங்களைக் காப்பதற்கு ஒரு குழு அமைத்திருக்கிறோம், ஆதரிக்கிறவர்களின் பெயர்களை ஊர்ப் பத்திரிகையில் போடப் போகிறோம் என்றார். உங்கள் மதத்திலும் குடும்பம் முக்கியம்தானே என்று கேட்டார். எங்களிடம் குடும்பத்தைத் தவிர வேறொன்றுமே இல்லை என்றேன். அவர் அதைக் கொள்கை என்று எடுத்துக்கொண்டார். நான் சொன்னது ஊரில் இருக்கும் மச்சினன்மார் ஏழு பேரை நினைத்து. பிறகு, பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போடுவீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் விழித்துவிட்டு, போடலாமே என்றார்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு மனிதன் இருக்கிறானா இல்லையா என்பதை முடிவு செய்வது நோட்டீஸ்தான். அம்மன் கோவில் திருவிழாவான கொடைக்கு அடிக்கும் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பதினாறாம் நாள் பத்திரிகை என்று எதில் வந்தாலும், கீழே வரிசையாக வரும் பெயர்களில் நாம் எத்தனையாவது, எழுத்து என்ன பருமன், பட்டம் விடுபட்டதா என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் மேலே என்ன விசேஷம் என்றே பார்ப்போம். என் அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. ஒரு வருடம் தெரு அம்மன் கொடை நோட்டீஸில் அவர் பெயர் விட்டுப்போயிற்று. கொடை முடியும்வரை அந்த மனிதர் ஆபீஸுக்குப் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்.

அந்த ரத்தம்தான் எனக்கும். ஊர்ப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. நூறு பேருக்கு மேல் இருந்த பட்டியலில் என் பெயர்தான் நீளம், பட்டத்தோடு இருந்ததும் அது ஒன்றுதான்: நெ. ஆவுடையப்பன், எம்.எஸ்ஸி., பி.எட். கம்பெனியில் நகல் எடுத்து, திருநெல்வேலி டவுனில் அச்சகம் வைத்திருக்கும் என் சிநேகிதன் இசக்கிமுத்துவுக்கு அன்றைக்கே தபாலில் அனுப்பினேன். சாயங்காலம் என் மனைவி கோமதி அந்தப் பக்கத்தை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தான், பேருக்கு மேல என்ன போட்டிருக்குன்னு படிச்சியளா?"

"குடும்பம், அது இதுன்னு போட்டிருக்கான்."

"ஆம்பளையும் ஆம்பளையும், பொம்பளையும் பொம்பளையும் சேந்து இருக்காவன்னா, அதுக்காக வேலைய விட்டோ வீட்ட விட்டோ யாரும் கெளப்பப்படாதுன்னு இந்த ஊர்ல ஒரு சட்டம் இருக்கு. அத ஓட்டுப் போட்டு எடுக்கணும்னு போட்டிருக்கு. பக்கத்து வீட்டு வால்ட்டரையும் டெனிஸையும் வீட்ட விட்டுக் கெளப்புங்கன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கிய."

"அவங்க எதுக்கு இதுல? ரெண்டு பேரும் வாடகைய மிச்சம் பிடிக்க சேந்து இருக்கவங்கல்லா?"

"பதினாறு வருசமாவா? திரைச்சீலை தச்சுக் குடுக்கப் போனப்ப நான் பாத்தேன். ஒரு கட்டில்தான் கெடக்கு. தெருவுக்கே தெரியும். உங்க ஒருத்தருக்குத்தான் தெரியல."

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து லாட்ஜுகளில் பிரம்மச்சாரிகள் சேர்ந்து தங்குவதைப் பார்த்தவன் நான். பக்கத்து வீட்டில் நாற்பத்தைந்து வயது ஆண்கள் இருவர் சேர்ந்து தோட்டம் போட்டு, சேர்ந்து நாய் வளர்த்து, சேர்ந்து காய்கறிக் கடையில் சண்டை போட்டதையெல்லாம் அந்தக் கணக்கிலேயே வைத்திருந்தேன். வால்ட்டர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். டெனிஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் முதல் பனிக்காலத்தில் கோமதி வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்தபோது, நான் பதறிப்போய்ச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, வால்ட்டர் அவளைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டார். அந்தக் கை கூடும்வரை டெனிஸ் தினமும் வந்து பார்த்தார். எங்கள் வாசலில் பனி விழுந்த நாளெல்லாம் எனக்கு முன்னால் எழுந்து வழி ஒதுக்கியவர் வால்ட்டர். கோமதி ஊரிலிருந்து வரவழைத்த பத்தமடைப் பாயைக் கொடுத்ததும், மிதிக்க மனசில்லை என்று சொல்லிச் சுவரில் மாட்டிவிட்டார்கள்.

அடுத்த வாரம் பத்திரிகையில் கடிதங்கள் வந்தன. கையெழுத்துப் போட்டவர்களை ஊர்க்காரர்கள் வெளுத்து வாங்கியிருந்தார்கள். பாதிரியார் ஒருவரே, அண்டை வீட்டுக்காரனைத் தெருவில் நிறுத்துவதற்குக் குடும்பம் என்று பெயரா என்று கேட்டிருந்தார். இன்னொருவர், இரண்டு பட்டம் வாங்கிய மனிதர் ஒருவருக்குமா புரியவில்லை என்று எழுதியிருந்தார். பட்டத்தைக் கவனித்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரு கணம் சந்தோஷம் வந்தது. அதை இங்கே எழுதத் தேவையில்லைதான், ஆனாலும் வந்தது. அன்று பனி கொட்டியிருந்தது. ஜன்னலில் நின்று பார்த்தேன். வால்ட்டர் எப்போதும்போல எங்கள் படிவரைக்கும் வழி ஒதுக்கினார். எப்போதும் மண்வெட்டியைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பவர், அன்று நிமிராமலே போய்விட்டார். அவர்கள் இருந்தது வாடகை வீடு. வீட்டுக்காரரின் பெயரும் அந்தப் பட்டியலில், எனக்கு நாலு பேருக்கு மேலே இருந்தது.

அன்றைக்குத் தட்டில் போட்டதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் சுப்பையா சார் நினைவுக்கு வந்தார். அவரும், தபாலாபீஸில் வேலை பார்த்த புன்னக்காயல்காரர் அந்தோணி சாரும் ஒரே வீட்டில் இருபத்தைந்து வருடம் இருந்தார்கள். ஒருவர் கோவிலுக்குப் போவார், மற்றவர் மாதா கோவிலுக்கு. திரும்பும்போது சேர்ந்து காய்கறி வாங்கிக்கொண்டு வருவார்கள். யாரும் எதுவும் கேட்டதில்லை. அதை எங்கள் ஊரின் பெருந்தன்மை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். சுப்பையா சார் இறந்ததும் அம்பாசமுத்திரத்திலிருந்து தம்பிமார் வந்தார்கள். பதினாறாம் நாள் பத்திரிகை இசக்கிமுத்து அச்சகத்தில் அடிபட்டது. பிழை திருத்தியவன் நான். அந்தோணி சார் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். "அவரு நமக்கு யாரு?" என்றார் மூத்த தம்பி. ஒரு கால்புள்ளியைச் சரிசெய்துவிட்டுக் கொடுத்துவிட்டேன். அந்தோணி சார் அச்சகத்துக்கு வந்து ஒரு பிரதி கேட்டு வாங்கினார். தம்பியின் மச்சினனின் பேரன்வரை எல்லாப் பெயரையும் வாசித்துவிட்டு, "அச்சு நல்லா விழுந்திருக்கு" என்று சொல்லி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுமாதம் புன்னக்காயலுக்கே போய்விட்டார்.

மார்த்தா அம்மாள் வீட்டுக்குப் போய் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். யாராவது மிரட்டினார்களா என்று உண்மையான கவலையோடு கேட்டார். இல்லை, அவர்கள் என் அண்டை வீட்டுக்காரர்கள் என்றேன். அந்த ஆட்களின்மேல் எனக்குக் கோபமே இல்லை, பிள்ளைகளுக்காகத்தான் பயப்படுகிறேன் என்றார். வால்ட்டர் தினமும் அறுபது பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டில் இறக்கிவிடுகிறாரே என்றேன். அவர் ஒரு தட்டை எடுத்து வைத்தார். அடுத்த விளம்பரத்தில் எடுத்துவிடுகிறேன், அச்சானதை ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி, எலுமிச்சைப் பணியாரம் போன்ற ஒன்றை வெட்டிக் கொடுத்தார். சாப்பிட்டேன். அவர் கொடுத்த கோட்டு என் உடம்பில் இருந்தது. அந்தக் கோட்டுக்கு நான் இன்றைக்கும் நன்றி உள்ளவன். அவர் சொன்னதை ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை.

நகரமன்றத்தில் பொதுமக்கள் பேச ஒரு கூட்டம் வைத்தார்கள். அதே கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். ஆளுக்கு மூன்று நிமிடம். பதினோரு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மைக்கின் முன்னால் நின்றதும் நம் ஊர் மேடை என்னைப் பிடித்துக்கொண்டது. மேயர் அவர்களே, துணை மேயர் அவர்களே என்று தொடங்கி, ஒன்பது உறுப்பினர்கள், தீயணைப்பு அதிகாரி, பத்திரிகை நண்பர்கள், முன்வரிசைப் பெரியவர்கள், திரளாக வந்திருக்கும் தாய்மார்கள் என்று ஒருவரையும் விடாமல் விளித்து, ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லி முடித்தபோது சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. மேயர் சுத்தியலை எடுத்தார். பக்கங்களை மடித்து வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னேன்: "படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். என் பெயரை எடுத்துவிடுங்கள். வால்ட்டரும் டெனிஸும் பக்கத்து வீட்டில்தான் இருக்க வேண்டும்." கடைசி வரிசையில் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

வாக்கெடுப்பில் சட்டம் தப்பித்தது, மயிரிழையில். என் பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பத்திரிகையில் என்னைப் பற்றி நாலு வரி வந்தது, பட்டத்தோடு. மறுநாள் அழைப்புமணி அடித்தது. வால்ட்டர் இரண்டு எட்டு பின்னால் போய் நின்றிருந்தார். கோமதி கொடுத்திருந்த ரசப்பொடி தீர்ந்துவிட்டது என்றார். கோமதி உள்ளேயிருந்து டப்பாவோடு வந்தாள். "அந்தத் தீயணைப்பு அதிகாரிக்கு எதற்கு இரண்டு தடவை வணக்கம் சொன்னீர்கள்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். அன்று நான் சாப்பிட்ட சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது இசக்கிமுத்து அச்சகத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் விளம்பரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தான். கழற்றச் சொல்லி, கையோடு கொண்டுபோயிருந்த அந்த நாலு வரிச் செய்தியைக் கொடுத்து, சுப்பையா சார் பத்திரிகையில் தொடங்கி நகரமன்றம்வரை எல்லாக் கதையையும் சொன்னேன். இரண்டு தாள்களும் மைக்கறை படிந்த அவன் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எனக்கு எந்த ஊர் என்று கேட்டால் இரண்டையும் காட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிழை திருத்துகிறவனைப் போல ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து வாசித்து முடித்தான்.

"அது சரி வே," என்றான். "அதுலயும் உம்ம பேரு இருக்கு, இதுலயும் உம்ம பேருதான் இருக்கு. அந்த ரெண்டு பேரு பேரும் எங்கனயும் காணலியே."