ஃபிஃபிதாவோடு ஒருவர்

லவினியாவைப் பற்றி நான் லேசில் நல்ல வார்த்தை சொல்வதில்லை. தன் தம்பி செமிசியின் வீட்டுக்குள் அவள் நுழைந்தால் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போவாள்: பாய், கோழி, ஒருமுறை மாட்டியிருந்த சன்னல் திரை. எங்கள் தொங்கா நாட்டில் அப்பாவின் அக்காவுக்கு அந்த உரிமை உண்டு. தம்பி மறுத்துப் பேசக்கூடாது. தம்பி மனைவி பேசவே கூடாது.

செமிசியின் மகள் ஃபிஃபிதா பள்ளித் தேர்வில் நாட்டிலேயே முதல் மதிப்பெண் என்று வானொலி சொன்ன காலை, எங்கள் தீவு நிலைகொள்ளவில்லை. பித்தளை வாத்தியக்காரர்கள் தோத்திரப் பாட்டை ஓட்டப்பந்தய வேகத்தில் ஊதினார்கள். போதகர் ஒரு பன்றியைத் துரத்தினார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. லவினியா தேவாலயத்துப் புல்லில் ஆடிய ஆட்டத்தில் அவள் செருப்பு ஒன்று ஆலய மணியில் போய்ப் பட்டது.

தலைநகரில் பதக்க விழா. மாணவியோடு ஒருவர் வரலாம், விமானச் செலவு அரசுடையது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கப்பல் அப்போதுதான் வந்து போயிருந்தது. அடுத்தது எப்போது என்று கப்பல்காரர்களுக்கே தெரியாது. ஆக, ஒருவர்தான்.

அந்த ஒருவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் லவினியாவைப் பார்த்தார்கள்.

"வேற யாரு, நான்தான்!" என்றாள் அவள்.

ஃபிஃபிதாவின் அம்மா மெலெனைதே தன் வெள்ளை உடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து முடித்து, மறுபடி ஆணியிலேயே மாட்டினாள். "நீங்க போறதுதான் முறை, அண்ணி" என்றாள். மகள் கழுத்தில் பதக்கம் ஏறுவதைப் பார்க்க அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அந்த உடுப்பின் மடிப்புகளில் தெரிந்தது. மரியாதை சில சமயம் ஒரு முழு வீட்டையே ஊமையாக்கிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஊமைகளில் பக்கத்து வீட்டுக்காரன் நானும் ஒருவன்.

புறப்படும் நாள் விமானத் திடலில் தீவே நின்றது. ஃபிஃபிதாவுக்கு மிட்டாய் மாலை போட்டார்கள், சிப்ஸ் பாக்கெட் மாலை போட்டார்கள், நூடுல்ஸ் மாலை போட்டார்கள். கடைசியில் மாலைகளுக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"உள்ள மூச்சு வருதாடி?" என்றாள் லவினியா.

"பெப்பர்மின்ட் வாசனையா வருது, அத்தை!"

லவினியா தலைநகர்ச் சொந்தங்களுக்கென்று மூன்று பாய்ச்சுருள், ஒரு மூட்டை கிழங்கு, தம்பி வீட்டிலிருந்து எடுத்து முழுசாய்ச் சுட்ட பன்றி ஒன்று கொண்டுவந்திருந்தாள். சின்ன விமானம், ஆளையும் சுமையையும் சேர்த்தே நிறுப்பார்கள். எடைபோடும் மாத்தேயோ முள்ளைப் பார்த்தான், பன்றியைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான்.

"பெரியம்மா, பன்றி ஏறாது."

"பன்றி ஏறாதா?"

"ஏறாது. ஏறினா விமானம் ஏறாது."

கூட்டம் சிரித்தது. லவினியா மட்டும் சிரிக்கவில்லை. விமானத்தின் இறக்கையை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். அது ஆடியது. அவள் முகம் வெளுத்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது: இந்தப் பெண்ணுக்கு முதல் நாளிலிருந்தே போக விருப்பமில்லை. தான் மறுத்தால் தம்பி குடும்பத்துக்குத் தலைகுனிவு என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

"அப்போ நானும் ஏறல" என்றாள். "நாங்க ரெண்டு பேரும் இங்கயே இருக்கோம். மெலெனைதே, இங்க வா!"

"அண்ணி?"

"உன் வீட்டுல நான் எது கேட்டாலும் குடுக்கணுமா இல்லையா?"

"குடுக்கணும் அண்ணி."

"இந்தப் பன்றி எனக்கு. என் இடம் உனக்கு. நீ ஏறு."

"மாத்து உடுப்புகூட எடுத்துட்டு வரலியே! இந்தக் கோலத்துலயா?"

லவினியா, விழாக்களுக்கு நாங்கள் உடைமேல் மரியாதையாகக் கட்டும் தன் இடுப்புப் பாயை அவிழ்த்து அவளைச் சுற்றிக் கட்டினாள். மெலிந்த அவளுக்கு அது இரண்டு சுற்று வந்தது.

"டிக்கெட்ல உங்க பேருல்ல இருக்கு, பெரியம்மா?" என்றான் மாத்தேயோ.

"அவ பொண்ணுக்குப் பேர் வெச்சதே நான்தான்டா. இப்ப அவளுக்கும் வெக்கிறேன். லவினியான்னு கூப்பிடு, திரும்பிப் பாப்பா!"

விமானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தலைநகர் அலுவலகத்தோடு கம்பியில்லாக் கருவியில் பேசி, பெயரை ஒழுங்காகவே மாற்றினார்.

மெலெனைதே படியில் கால் வைத்தாள், இறங்கினாள், அண்ணியின் கன்னத்தில் முகம் பதித்தாள், மறுபடி ஏறினாள். பாதி வழியில், "கோழிக்குத் தீனி!" என்று கத்தினாள். மிச்சத்தை இயந்திரச் சத்தம் விழுங்கிவிட்டது. சன்னலில் அவள் முகம் அழுந்தி மூக்கு தட்டையாகத் தெரிந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கீழே பந்தயமே நடந்தது.

விமானம் எழும்பியபோது லவினியா என் கையை நெரித்தாள். கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"மேல போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"ஆடுதா?"

"இல்ல. நேரா போகுது."

மெதுவாக ஒரு கண்ணைத் திறந்து, தெற்கே சின்னதாகிக்கொண்டிருந்த புள்ளியைப் பார்த்தாள்.

"அவ அம்மா பக்கத்துல இருக்கா" என்றாள். "இனி ஆடினாலும் பரவாயில்ல."