ராணிக்கு என்ன நிறம்

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நான் ராணியானேன். ஆம்பூரில் எங்கள் பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில்தான். நடிப்புத் திறமைக்குக் கிடைத்த பதவி அல்ல. பள்ளியின் டிராயிங் டீச்சர் அப்பாவின் தங்கை, என் அத்தை. ராஜா, ராணி, கரடி மூவருக்கும் ரப்பர் முகமூடி செய்து தருகிறேன் என்று அவள் ஒப்புக்கொண்டிருந்தாள்.

களிமண்ணில் முகம் பிடித்தாள். அதன்மேல் பிளாஸ்டர் அச்சு எடுத்து, அச்சுக்குள் ரப்பர் பாலை ஊற்றிக் காயவைத்தாள். உரித்தெடுத்த முகங்கள் மாடிக் கொடியில் துணிகளுக்கு நடுவே, பாலாடை நிறத்தில் கண்ணில்லாமல் தொங்கின. துணி எடுக்கப் போன அம்மா அலறிக்கொண்டு இறங்கி வந்தாள்.

வேலூர் லாங் பஜாரிலிருந்து அத்தை போஸ்டர் கலர் வாங்கி வந்தாள். ராணிக்கு நிறம் தேர்ந்தெடுத்தது நான். ரோஸ், அதில் நிறைய வெள்ளை. விழாவுக்கு முந்தின நாள் முகமூடியைத் தலையில் இழுத்து மாட்டினேன். ராணியின் கன்னம் பழைய சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி செதில் செதிலாக என் கவுன்மேல் உதிர்ந்தது. நான் ஓவென்று அழுதேன். அத்தை அழவில்லை. "ரப்பர் இழுபடுது, பெயிண்ட் இழுபடல" என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியால் மூன்று முகங்களையும் துடைக்க உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில்தான் அப்பாவுக்கு போன் வந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை நாட்றம்பள்ளியிலிருந்து ஒரு குடும்பம் வந்து, அத்தையைப் பார்த்து, கேசரி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. அப்பா போனை வைத்துவிட்டு, "கலர் கம்மின்னு சொல்றாங்க" என்றார் மெதுவாக. அம்மா என் பக்கம் கண்ணைக் காட்டினாள். அத்தை துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

எனக்கு ஒரே ஆச்சரியம். முகமூடியில் கலர் உரிந்த விஷயம் அதற்குள் நாட்றம்பள்ளி வரைக்கும் போய்விட்டதா! இந்தப் பெரியவர்களோ கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்களே தவிர, ஒரு காரியமும் செய்யக் காணோம். பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே காலா இருந்தார். காலா என்றால் உருதுவில் சின்னம்மா. எங்கள் தெருவுக்கே அவர் காலாதான். அவர் வீட்டுக்காரர் தோல் கம்பெனிகளுக்குச் சாயம் விற்பவர்.

"காலா, எங்க அத்தைக்கு கலர் கம்மியாம்! உங்க வீட்ல ஜாஸ்தி இருந்தா குடுங்க!"

காலா கரண்டியும் கையுமாக வெளியே வந்தார். "யாரு சொன்னது?"

"நாட்றம்பள்ளிக்காரங்க."

"அவங்களுக்குக் கண்ணு கம்மி" என்றார் காலா. அடுப்பை அணைத்துவிட்டு, பிரவுன், கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று டப்பாக்களைக் கூடையில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

நான் கேட்டதை அவர் அப்படியே சொல்லிக் காட்டியதும் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் சாய்ந்து. அம்மாவுக்கும் காலாவுக்கும் அது தொற்றிக்கொண்டது. ஏன் என்று தெரியாமலே நானும் சிரித்தேன்.

தோலுக்குப் பூசும் சாயம் மடக்கினாலும் உதிராது. ரப்பரோடு ரப்பர் ஒட்டுமென்று அத்தை அதை ரப்பர் பாலிலேயே குழைத்தாள். ஈரத்தில் வெளுப்பாகத் தெரிவது காய்ந்தால் கறுக்கும். அதனால் ஒவ்வொரு கலவையையும் முன்கையில் கோடாக இழுத்து, ஊதிக் காயவைத்துப் பார்த்தாள். கரடியும் ராஜாவும் சீக்கிரம் முடிந்தார்கள். ராணியின் முறை வந்ததும் நான் வெள்ளை டப்பாவை நீட்டினேன்.

"அது கரடி பல்லுக்கு" என்று ஒதுக்கி வைத்துவிட்டாள்.

பிரவுனில் சிவப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டாள், கொஞ்சம் மஞ்சள், மறுபடி சிவப்பு. கோடு எது, கை எது என்று தெரியாமல் போனபோது நிறுத்தினாள்.

"மாஷா அல்லா" என்றார் காலா.

"ராணின்னா ரோஸா இருக்கணும் அத்தை" என்று நான் சிணுங்கினேன்.

"எந்த ஊரு ராணிடி அவ?" என்று கேட்டபடியே பூச ஆரம்பித்தாள்.

மறுநாள் மாலை மேடையில் தலையை ஆட்டினேன், குதித்தேன், பாவாடை தடுக்கி விழவும் விழுந்தேன். ஒரு செதில்கூட உதிரவில்லை. முன்வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்று, "டேய், ராணி நம்ம டிராயிங் டீச்சர்டா!" என்று கத்தினான். கூட்டம் மொத்தமும் கைதட்டியது. எனக்கு வசனம் மறந்துபோனது. அந்த இரைச்சலில் யாரும் கவனிக்கவில்லை.

வீடு திரும்பும்போது அப்பாவின் வண்டியில் நான் முன்னால், அத்தை பின்னால். ராணி முகமூடியை அவள் மாட்டிக்கொண்டாள். டீக்கடையில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். அத்தை நிஜ ராணி மாதிரி கையசைத்துக்கொண்டே வந்தாள். அப்பா வழக்கத்துக்கு மாறாக ஹாரனை அழுத்திக்கொண்டே ஓட்டினார்.

வாசலில் முகமூடியைக் கழற்றியபோது அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது.

"இன்னா அத்தை?"

"வேர்வைடி. ரப்பராச்சே."

அந்த முகமூடிக்குள் எப்படி வேர்க்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஓடிப்போய் அவளுக்கு ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன்.